படுக்கப் பாய் கேட்டால் ஜாதி கேட்பதா?



வெளியூர் போகிறவனுக்கு இராத்தங்க ஓர் இடம் வேண்டும். பணக்காரனுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. செல்போனைத் தடவிப் பெரிய ஓட்டலில் பணத்தைக் கட்டிவிட்டானானால், வாசற்காவலன் கதவைத் திறந்து சலாம் போடுகின்றான். அங்கே அவனுடைய அப்பன் பாட்டனை விசாரிப்பவர் யாருமில்லை. விசாரணையெல்லாம் யாருக்கென்றால், நூறு இருநூறு ரூபாய்க்குள் முதுகைச் சாய்க்க இடம் தேடுகிற ஏழைக்குத்தான்.

சென்ற ஐப்பசியில் ஒரு கலியாணத்துக்காக நாமும் ஒரு தோழரும் ஒரு கோயிலூருக்குப் போயிருந்தோம். பஸ் இறங்கும்போது இரவு மணி பதினொன்று, நல்ல மழை. முகூர்த்த நாளானபடியால் லாட்ஜுகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. நாம் மிகவும் தைரியமாக, “கவலைப்படாதீர்கள், நமக்குத் தெரிந்த சத்திரம் ஒன்று இருக்கிறது” என்று தோழரை அழைத்துக்கொண்டு போனோம். அது நாம் எந்த ஜாதியில் பிறந்ததாகச் சொல்லப்படுகின்றதோ அந்த ஜாதிச் சங்கத்தார் கட்டிய சத்திரம். இரண்டு கட்டில் போட்ட அறைக்கு வாடகை இருநூறு ரூபாய்.

மானேஜர் இருவருடைய ஆதார் அட்டையையும் வாங்கிப் பார்த்தார். அந்த அட்டையில் ஜாதிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் பலருடைய அட்டையில் தகப்பன் பெயரும் தெருப் பெயரும் இருக்கின்றன. நம் நாட்டில் அவை போதாதா? தோழருடைய தெருப் பெயரை மானேஜர் இரண்டு தடவை படித்தார். பிறகு நம்மைப் பார்த்து, “உங்களுக்கு ரூம் இருக்குதுங்க. அவருக்குத்தான் இடமில்லை” என்றார். இரண்டு கட்டில் உள்ள அறையில் ஒருவருக்கு இடமுண்டு, மற்றவருக்கு இல்லையென்றால் இது என்ன கணக்கு என்று கேட்டோம். “சங்கத்து ரூல் அதுங்க, நான் சம்பளக்காரன்” என்றார். அவர் சொன்னது உண்மையே. ஆகவே அவரிடம் நமக்கு விரோதமில்லை.

தோழர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். அவருக்கு இது புதிதல்ல என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. நமக்கு வந்தது கோபமல்ல, வெட்கம். ஏனென்றால் அதே சத்திரத்தில் நாம் இதற்குமுன் இரண்டு தடவை படுத்து எழுந்திருக்கின்றோம். தகப்பன் பெயரைக் கேட்டார்கள், சொன்னோம். தெருவைக் கேட்டார்கள், அதையும் சொன்னோம். சாவி வந்தது. மலிவாய்ப் போயிற்றே என்று சந்தோஷமாகத் தூங்கினோம். மேடையேறி ஜாதி ஒழிய வேண்டும் என்று பேசுகிற நமக்கு அந்த மலிவு எதிலிருந்து வந்தது என்று அன்றைக்குத் தோன்றவில்லை. வேறொருவனை வெளியே நிறுத்தி வைத்ததற்கான கூலியாகத்தானே அந்தச் சலுகை நமக்குக் கிடைத்தது?

இது நிற்க, பழைய சங்கதிகளைச் சற்றுப் பார்ப்போம். 1904-ல் பெரியார் காசிக்குப் போனபோது, பார்ப்பனரல்லாத வியாபாரியின் பணத்தால் கட்டிய சத்திரத்தில் பார்ப்பனருக்கு மாத்திரமே சோறு என்று சொல்லி அவரை வெளியே தள்ளிய கதை நம்மில் யாருக்குத் தெரியாது? ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்கென்று தனி இடம் இருந்ததும், கிளர்ச்சியின் பேரில் 1941-ல் அது எடுபட்டதும் நமக்குத் தெரியும். 1957-ல் ஓட்டல் பலகையிலிருந்த “பிராமணாள்” என்ற எழுத்தை அழிக்கச் சொல்லித் திருவல்லிக்கேணியில் மறியல் செய்து நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனதும் தெரியும். ஆனால் இன்று பழநிக்கும் திருச்செந்தூருக்கும் இராமேஸ்வரத்துக்கும் போய்த் தெருவைப் பாருங்கள். இன்ன சமூகத்தார் மடம், இன்ன குலத்தார் சத்திரம் என்று பலகை தொங்குகின்றதே, அவற்றில் பெரும்பாலானவற்றை இப்போது கட்டியவர்கள் யார்? பார்ப்பனரா? அந்த எழுத்தை அழி என்று சொன்ன நாம், நம் ஜாதியின் பெயரை அதைவிடப் பெரிய எழுத்தில் கிரானைட்டில் வெட்டி வைத்துக்கொள்ளவில்லையா?

இதற்குச் சமாதானம் சொல்பவர்கள், “எங்கள் பணம், எங்கள் ஆட்களுக்குக் கட்டினோம், உமக்கு என்ன?” என்கின்றார்கள். சரி, உன் வீட்டுத் திண்ணையில் உன் மாமனைப் படுக்க வைத்தால் நாம் கேட்கப் போவதில்லை. ஆனால் வாடகை வாங்கி, ரசீது போட்டு, அதற்குத் தர்மம் என்று பெயரும் வைத்துக்கொண்டால் கேட்கத்தான் கேட்போம். 1961-ம் வருஷத்து வருமானவரிச் சட்டத்திலேயே, ஒரு குறிப்பிட்ட ஜாதியின் நன்மைக்கென்று புதிதாக ஏற்படுத்தும் தர்ம டிரஸ்டுக்கு வரிவிலக்கு இல்லை என்று எழுதி வைத்தார்கள். தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான டிரஸ்டுகளுக்கு மாத்திரம் அதில் விதிவிலக்கு. வரி வாங்குகிறவனுக்கே ஜாதிச் சத்திரம் முழுத் தர்மமாகத் தோன்றவில்லையென்றால் நமக்கு ஏன் தோன்ற வேண்டும்?

அன்றியும், 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது 1976-க்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது, தன் நான்காவது பிரிவில் தர்மசாலை, சத்திரம், முசாபர்கானா ஆகியவற்றைப் பேர் சொல்லியே குறிப்பிடுகின்றது. பொதுஜனங்களுக்கோ அவர்களில் ஒரு பிரிவாருக்கோ திறந்துவிட்ட இடத்தில் தீண்டாமையின் பேரால் ஒருவனைத் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையில் ஜெயிலும், நூறு முதல் ஐந்நூறு ரூபாய் அபராதமும் உண்டு. இது தெரிந்துதான் எந்த மானேஜரும் “நீ இன்ன ஜாதி, ஆகையால் போ” என்று சொல்வதில்லை. “ரூம் இல்லை” என்ற இரண்டே வார்த்தையில் சட்டத்தைத் தாண்டிவிடுகின்றான்.

அப்படியானால் காசில்லாதவன் எங்கேதான் படுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்றிரவு நாங்கள் படுத்த இடத்தைச் சொல்லுகின்றோம். மறுநாள் ஊர் திரும்ப உறுதியான ரயில் டிக்கெட் கையில் இருந்தது. அதிலுள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து, ஸ்டேஷன் டார்மிட்டரியில் இரண்டு கட்டில் காலியிருந்ததை ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் போனிலேயே எடுத்துக்கொண்டோம். அந்த எண் ஒருவனுடைய தெருவைக் கேட்பதில்லை. இந்த வசதி எல்லா ஸ்டேஷனிலும் இல்லை. முன்பதிவில்லாத டிக்கெட்காரனுக்கு இந்த வழியில் கட்டில் கிடைப்பதில்லை. இது குறையே. ஆனாலும் புறப்படுமுன் முதலில் இதைப் பார்ப்பதுதான் புத்தி.

இரண்டாவது, சென்னை, புதுச்சேரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் வந்திருக்கும் ஹாஸ்டல்கள். ஓர் அறையில் ஆறோ எட்டோ கட்டில், மேலும் கீழுமாக. அறைக்கல்ல, ஒரு கட்டிலுக்கு மாத்திரம் வாடகை. மேல் கட்டிலில் யாரோ, கீழ்க் கட்டிலில் யாரோ! மனு கண்டால் மூர்ச்சையாகிவிடுவார். 1909-ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி வாத்தியார் பிள்ளைகளோடு நடைப்பயணம் போய், இடிமழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இராத்தங்கினார். அதில் பிறந்த யோசனையால் 1912-ல் ஆல்டெனா ஊர்க் கோட்டையில் முதல் இளைஞர் விடுதி நிலைபெற்றது. மழையில் நனைந்தவனுக்கு வேண்டியது கூரை என்பதை அவர் கண்டார். நம்மூர்ச் சங்கத்தாரோ நனைந்தவனிடம் கோத்திரம் கேட்கின்றார்கள்.

அங்கும் எச்சரிக்கை வேண்டும். பணம் கட்டுமுன் விதிகளைக் கடைசி வரி வரையில் படியுங்கள். “உள்ளூர் அடையாள அட்டை செல்லாது” என்று அடியில் இருக்கும். பக்கத்து ஜில்லாக்காரனையும் உள்ளூர் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. படத்தை நம்பாமல் நேரே போன் செய்து, வாடகை ஒரு நாள் என்றால் இருபத்துநாலு மணியா, மறுநாள் மத்தியானம் வரையிலா என்று கேளுங்கள். பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்காரும் தன் பங்குக்கு 2022 ஜூலை 18 முதல் ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைக்கும் நூற்றுக்குப் பன்னிரண்டு வரி போட்டது. 2025 செப்டம்பரில்தான் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். ஆகவே சொல்லுகிற வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சில லாட்ஜுகளில் புருஷனும் பெண்சாதியும் போனால் மானேஜர் பெண்ணின் கழுத்தைப் பார்க்கின்றான், தாலி இருக்கிறதா என்று. தாலியில்லாத சுயமரியாதைக் கலியாணம் 1967-ம் வருஷத்துச் சட்டத்தாலேயே செல்லுபடியானது என்பது அவனுக்குத் தெரியாது. தெரியப்படுத்துங்கள்.

சென்ற மாதம் அந்தச் சத்திரத்துக்கு இரண்டாவது மாடி எழுப்புவதற்காகச் சங்கத்தார் நமக்கும் ஒரு நன்கொடை ரசீதுப் புஸ்தகம் அனுப்பியிருந்தார்கள். அன்றிரவு மழையில் இறங்கிப் போன தோழருக்கு மேல் மாடியிலாவது கட்டில் உண்டா என்று கேட்டு, உண்டானால் புஸ்தகத்தைப் பூர்த்தி செய்து அனுப்புகின்றோம் என்று கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. புஸ்தகம் நம் மேஜைமேல்தான் கிடக்கின்றது.