பில் கேட்ஸ் புரட்டிய தோசை

மும்பை காட்கோபர் கிழக்கில், காமராஜ் நகர்ப் பக்கம், தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் மேடை எதுவானாலும் சிறப்பு விருந்தினர் ஒரே கேசட்டைத்தான் போடுகிறார்: "கம்ப்யூட்டருக்கு எதுக்குப்பா டாக்டர் பட்டம்? பில் கேட்ஸ் காலேஜையே முடிக்கல. நாலு புத்தகத்தைப் பார்த்து எழுதினா மூணு வருஷத்துல பிஎச்.டி.!" உடனே கைதட்டல். வருடக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்த நாலு புத்தகத்தை முதலில் பார்ப்போம். யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் மூன்று வருடம் என்பது குறைந்தபட்சம். ஆறு வரை இழுக்கலாம். குறைந்தது 12 கிரெடிட் பாடம் படிக்க வேண்டும். ஆய்வேட்டை வெளியார் இருவராவது படிப்பார்கள், பிறகு வாய்மொழித் தேர்வு. பார்த்து எழுதியதைப் பிடிக்க மென்பொருளே இருக்கிறது. பக்கத்துப் பவாய் ஐஐடியில் ஆண்டுதோறும் கருத்தரங்கில் நின்று, இதுவரை என்ன செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேடைப் பேச்சாளர்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

கூகுளைத் தொடங்கிய இருவரும் படிப்பை விட்டார்களாம். விட்டது ஸ்டான்ஃபோர்டில் பிஎச்.டி.யை. ஸோஹோ பட்டம் பார்ப்பதில்லையாம். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பிரின்ஸ்டனில் பிஎச்.டி. வாங்கியவர், அந்த வரி மட்டும் எப்படியோ விடுபட்டுவிடுகிறது.

இனி பில் கேட்ஸ். ஹார்வர்டில் இருந்தபோது ஒரு கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. சிறிதும் பெரிதுமாகக் கலைந்து கிடக்கிறது ஒரு தோசை அடுக்கு (அமெரிக்காவில் அது பான்கேக்). கரண்டியை எங்காவது செருகி, மேலே உள்ளதை மொத்தமாகப் புரட்டலாம், வேறெதுவும் செய்யக்கூடாது. பெரியது அடியில், சின்னது உச்சியில் என்று வர எத்தனை புரட்டல் போதும்? யோசிக்காமல் செய்தால் தோசைக்கு இரண்டு. கேட்ஸ் அதைக் குறைத்தார்: தோசைகளின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, மூன்றால் வகுத்து வருவதற்குமேல் போகாது என்று காட்டினார். பேராசிரியர் பாப்பாடிமிட்ரியுவோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1979இல் 'டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ்' இதழில் வந்தது. சுமார் 30 ஆண்டு அந்த எல்லையை யாராலும் குறைக்க முடியவில்லை. பிறகுதான் டெக்சஸில் ஒரு குழு முந்தியது.

யாருக்கும் தெரியாதிருந்த ஒன்று, நிரூபணத்தோடு, துறை அறிந்தவர்கள் சரிபார்த்தது. பிஎச்.டி.க்குக் கேட்பது இதைத்தானே ஐயா! அவர் வாங்காமல் போனது சான்றிதழை. உதாரணத்துக்கு ஆள் தேடியவர்கள் சரியான ஆளைத்தான் பிடித்தார்கள், எங்கள் கட்சிக்கு.

"அதுவரை சோத்துக்கு?" என்பது கடைசி அஸ்திரம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி. மும்பைக்கு அது கம்மிதான். ஆனால் ஷீல்டும் சால்வையுமாக அதைக் கொடுப்பதில்லை.