கண்ணாடிக்கு மேல் ஒரு கண்ணாடி



கோபிசெட்டிபாளையத்தில் வாழும் நமக்குப் பனி என்றால் அது மார்கழி, தை மாதங்களில் பஜ்ர் தொழுகைக்குச் செல்லும்போது நெல் வயல்களின் மேல் புகைபோல் நிற்கும் பனிதான். அப்படியிருக்க, பனிமலையில் அணியும் கண்ணாடியைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் வினவலாம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு காஷ்மீர் சென்று வருவோர் இன்று நம் ஊரிலும் உள்ளனர். அவ்வாறு செல்லும் குடும்பத்தில் மூக்குக் கண்ணாடி அணிபவர் ஒருவரேனும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் என் மகள்.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவட வண்டியில் ஏறினால் அபர்வாட் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை செல்லலாம். அடிவாரத்துக் கடையொன்றில் காலணியும் மேலங்கியும் பனிக் கண்ணாடியும் வாடகைக்கு எடுத்தோம். பனிக் கண்ணாடியை மாட்டியதும் மகளின் மூக்குக் கண்ணாடி மூக்கில் அழுந்தியது. அதைக் கழற்றிவிட்டு மாட்டினாள். “அத்தா, மலையே தெரியவில்லை” என்றாள். வானம் மேகமூட்டமாக இருந்தது. “வெயில்தான் இல்லையே, உன் கண்ணாடியே போதும்” என்று கூறிவிட்டேன்.

அன்றிரவு அவள் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்று அழுதாள். பனியில் பட்டுத் திரும்பிய புற ஊதாக் கதிர்களால் கருவிழியின் மேற்பரப்பு வெந்துவிட்டது என்றார் மருத்துவர். இரண்டு நாள் இருட்டறையில் இருந்த பின், அல்ஹம்துலில்லாஹ், குணமானாள். கடைக்காரர் மீது எனக்குக் குறையில்லை. போதும் என்று கூறியவன் நானல்லவா?

புல்லும் மண்ணும் புற ஊதாக் கதிர்களில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. புதுப்பனியோ நூற்றுக்கு 80 பங்கு வரை திருப்பி அனுப்பும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏற ஏற அக்கதிர்களின் வலிமை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுகிறது. மேகமும் அவற்றை முழுதாகத் தடுப்பதில்லை. மூக்குக் கண்ணாடி முன்புறத்துக் கதிர்களை ஓரளவு தடுத்தாலும், கீழும் பக்கமும் திறந்தே இருப்பதால் அவ்வழியே ஒளி புகுந்துவிடுகிறது. வலுவான ஒளி கண்ணை வருத்தும் என்பதை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் தமது ஒளியியல் நூலின் தொடக்கத்திலேயே குறித்திருக்கிறார். அதைப் பாடமாகப் படித்தவன்தான் நானும்!

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, அளவு. மூக்குக் கண்ணாடிக்கு மேல் அணிவதற்கென்றே ‘ஓ.டி.ஜி.’ என்னும் வகை விற்கப்படுகிறது. அதன் உட்புறம் ஆழமாக இருக்கும். காதில் மாட்டும் கம்பிகள் செல்வதற்கு இருபக்கமும் நுரைப்பஞ்சில் பள்ளம் விட்டிருப்பார்கள். கடைக்கு உங்கள் கண்ணாடியோடு செல்லுங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டி ஐந்து நிமிடம் இருங்கள். குனிந்து பாருங்கள், தலையை அசையுங்கள். மூக்கோ பொட்டோ அழுந்தினாலும், இரு லென்ஸுகளும் உரசினாலும் அது உங்களுக்கு உரியதன்று. அகன்ற பிரேம் அணிபவர், பயணத்துக்கெனச் சிறிய பிரேம் ஒன்று வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, ஆவி படிதல். கண்ணாடி அணிபவருக்கு இது இரட்டைத் தொல்லை, இரண்டிலும் படியும். நடுவே காற்றிடைவெளி கொண்ட இரட்டை லென்ஸும், மேலும் கீழும் காற்றுத் துளைகளும் உள்ளதையே வாங்குங்கள். மப்ளரோ முக்காடோ மூக்கை மூடியிருந்தால் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியை மறைக்கும். ஆகவே, துணியின் நுனியைப் பனிக் கண்ணாடிக்குள் செருகுதல் கூடாது. ஈரம் படிந்தால் உட்புறத்தைத் துணியால் தேய்க்காதீர்கள். ஆவியைத் தடுக்கும் பூச்சு போய்விடும். உதறி உலரவிடுங்கள்.

மூன்றாவது, காப்பு. நிறம் கறுப்பாக இருப்பதே காப்பு என்று எண்ணுவது பெரும் பிழை. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி இன்னும் கேடு. இருட்டுக்குக் கண்மணி விரியும், கதிர் தாராளமாக உள்ளே செல்லும். ‘யு.வி. 400’ என்ற குறிப்பைப் பாருங்கள். லென்ஸின் கருமையை 0 முதல் 4 வரை எண்ணிட்டிருப்பார்கள். கடும் வெயிலுக்கு 3, மேகமூட்டத்துக்கு 1 அல்லது 2 பொருந்தும்.

நான்காவது, உடையாமை. பனியில் சறுக்குபவர் விழாமல் இரார். உள்ளே அணியும் கண்ணாடி உடைந்து கண்ணைக் குத்தாதிருக்க, அது பாலிகார்பனேட் லென்ஸாக இருத்தல் வேண்டும்.

காண்டாக்ட் லென்ஸ் பழகியவர்கள் அதனை அணிந்து சாதாரணப் பனிக் கண்ணாடியை மாட்டலாம். ஆனால் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய பின்னரே லென்ஸைத் தொட வேண்டும். மலையில் வைத்து முதன்முறையாகப் பழகுதல் ஆகாது.

பனிமலைக்கே போகாதவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. நம் பக்கத்தில் நெல் அடிக்கும்போதும், இயந்திரத்தால் புல் வெட்டும்போதும் மூக்குக் கண்ணாடியே காப்பென்று பலர் எண்ணுகிறோம். பக்கவாட்டில் தெறிக்கும் ஒரு நெல் முனை போதும். அது கருவிழியைக் கீறி, அங்கே காளான் கிருமி பற்றினால் புண்ணாகும். ஆறினாலும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைக்கும். என் மகளின் கண் இரண்டு நாளில் தெளிந்தது. அந்தத் தழும்போ தானாக மறைவதில்லை. கண்ணாடிக்கு மேல் அணியும் பாதுகாப்புக் கண்ணாடிகள் இத்தொழில்களுக்கும் உள்ளன. அங்கும் அதே விதிதான்: உங்கள் கண்ணாடியோடு சென்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மூக்குக் கண்ணாடி பார்வைக்கு உதவும். கண்ணைக் காக்க வேறொன்று வேண்டும். கண் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். பிள்ளைகளின் கண்ணோ, இரட்டை அமானிதம். “இதுவே போதும்” என்று சொல்லுமுன், ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

வஸ்ஸலாம்.