தூரம் ஒன்று, கட்டணம் இரண்டா?

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தூரம் சுமார் 4,400 கிலோமீட்டர். அரபிக்கடலைத் தாண்டிப் போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மணி நேரம். இந்தத் தூரத்தை எந்த அமைச்சராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் ஹாஜிகளிடம் வாங்கும் கட்டணம் மட்டும் ஊருக்கு ஊர் தாறுமாறாக மாறுகிறதே, எப்படி?

மும்பையிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போகும் வழி 1995-ல் அடைபட்டது. அதன்பின் ஏழை ஹாஜிக்கும் விமானம்தான் கதி. 'முஸ்லிம்களுக்கு மானியம்' என்று சங்பரிவாரம் ஊரெல்லாம் தண்டோரா போட்டது. அந்த மானியம் ஒரு ஹாஜியின் கைக்காவது வந்ததா? விமான நிறுவனத்தின் கல்லாவுக்கல்லவா போனது! 2012-ல் உச்ச நீதிமன்றம் பத்தாண்டுகளுக்குள் அதை நிறுத்தச் சொன்னது. 2018-லேயே மத்திய அரசு நிறுத்திவிட்டது. சமுதாயம் கண்ணீர் வடிக்கவில்லை. சக்தி பெற்றவர் மீதுதானே ஹஜ் கடமை?

மானியம் போயிற்று. பிடி தளர்ந்ததா? இல்லை! ஹஜ் கமிட்டி மூலம் செல்பவர் எந்த விமானத்தில் ஏறுவது, எந்த நாளில் புறப்படுவது, எவ்வளவு கட்டுவது என்பதை இன்றும் அரசின் டெண்டர்தான் தீர்மானிக்கிறது. பணம் நம்முடையது, முடிவு அவர்களுடையது!

கேரளாவில் நடந்ததைப் பாருங்கள். கண்ணூருக்கும் கொச்சிக்கும் இடையில் இருக்கிறது கோழிக்கோடு. மூன்று ஊர்களிலிருந்தும் ஜித்தாவுக்கு 4,000 முதல் 4,200 கிலோமீட்டர்தான். ஆனால் 2024 ஹஜ்ஜுக்குக் கோழிக்கோட்டுக்கு முதலில் கேட்கப்பட்ட கட்டணம், கொச்சிக் கட்டணத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு! எதிர்ப்பு கிளம்பிய பிறகு குறைத்தார்கள், அப்போதும் சமமாகவில்லை.

ஹஜ் விமானம் ஒரு வழி காலியாகப் பறக்கிறது, அதனால் செலவு கூடுகிறது என்பார்கள். உண்மைதான். கொச்சி விமானமும் அப்படித்தானே பறக்கிறது? 2020 விபத்துக்குப் பின் கோழிக்கோட்டில் பெரிய விமானங்களுக்குத் தடை என்பார்கள். ஓடுதளத்தைச் சரிசெய்வது யார் பொறுப்பு? அரசின் தாமதத்துக்கு ஹாஜி அபராதம் கட்ட வேண்டுமா?

தமிழகமும் தப்பவில்லை. 2022-ல் புறப்பாட்டுத் தலங்களின் பட்டியலிலிருந்து சென்னையை நீக்கினார்கள். ஆறு மணி நேர விமானத்தில் ஏற, சென்னை ஹாஜி கொச்சிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் தரைவழி அலைய வேண்டியதாயிற்று. 2023-ல்தான் சென்னை திரும்பக் கிடைத்தது. கேட்டோம், கிடைத்தது. கேட்காவிட்டால்?

ஆகவே நமது கோரிக்கை: ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் எத்தனை நிறுவனங்கள் டெண்டர் போட்டன, என்ன விலை கேட்டன, கிலோமீட்டருக்கு என்ன கட்டணம் என்பதை முதல் தவணை வாங்கும் முன்பே வெளியிட வேண்டும். அக்கம்பக்கத்து விமான நிலையங்களுக்கிடையே இவ்வளவுதான் வித்தியாசம் இருக்கலாம் என்று உச்சவரம்பு கட்ட வேண்டும்.

சலுகை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம். ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஹலாலான பணத்துக்குக் கணக்குக் கேட்பது குற்றமா? நமது ஓட்டை வாங்கி நாடாளுமன்றம் சென்றவர்களே, வாய் திறப்பீர்களா?