இரு கைகளும் வேண்டும்

தழுவுதலைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் சில உண்டு. அவற்றுள் 'எம்பிரேஸ்' என்னும் சொல்லின் பிறப்பையும் பொருளையும் இத்திங்கள் காண்போம்.

இது பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. 14-ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. இதன் முற்பகுதி 'உள்ளே' எனப் பொருள்படும். பிற்பகுதியோ இரு கைகளையும் சேர்த்துக் குறிக்கும். அப்பகுதியின் மூலம், கையைக் குறிக்கும் 'பிராக்கியும்' என்ற இலத்தீன் சொல். அதுவும் மேற்கைக்குக் கிரேக்கர் இட்ட 'பிராக்கியோன்' என்னும் பெயரிலிருந்து வந்ததே. ஆகவே, 'இரு கைகளுக்குள் கொள்ளுதல்' என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். கையில் அணியும் 'பிரேஸ்லெட்' இதன் உறவே. வேட்டைப் பறவைகளை எண்ணும் ஆங்கிலேயர் ஓர் இணையைக் குறிக்கும் 'பிரேஸ்' என்னும் சொல்லும் இதன் உறவே.

நற்செய்தியிலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. இயேசு பெருமான் சிறுவரை அணைத்துக்கொண்டதை மாற்கு இரு இடங்களில் (9:36, 10:16) கூறுகிறார். அங்கே அவர் ஆளும் கிரேக்க வினைச்சொல், 'உள்' என்னும் முன்னொட்டும் 'வளைந்த கை' என்னும் பெயரும் இணைந்து உருவானது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அவ்வினைச்சொல் வரவில்லை. ஆலயத்தில் முதியவர் சிமியோன் குழந்தை இயேசுவை ஏந்தியதைச் சொல்லும் லூக்காவும் (2:28) அந்த 'வளைந்த கை' என்னும் பெயரையே கையாளுகிறார்.

'எம்பிரேஸ்' என்பதற்கு ஒரு கொள்கையை மனமார ஏற்றல் என்ற பொருளும் உண்டு. நம் தமிழும் இவ்வழியே சென்றுள்ளது. 'மறையைத் தழுவினார்' என்கிறோம். பிறமொழிக் கதையைத் தமதாக்கி எழுதினால் 'தழுவல்' என்கிறோம். அரைமனத்துடன் ஏற்பதை எவரும் தழுவுதல் எனச் சொல்வதில்லை.

இச்சொல் நம் இல்லங்களுக்கும் ஒன்றை உணர்த்துகிறது. தழுவுவதற்கு இரு கைகளும் வேண்டும். ஒரு கையில் கணக்கேட்டைப் பிடித்துக்கொண்டு எவரையும் தழுவ இயலாது. ஊதாரி மகனின் தந்தையை எண்ணிப் பாருங்கள். மகன் தன் குற்றத்தை வாய் திறந்து சொல்லுமுன்னரே தந்தை ஓடிச்சென்று அவனைக் கட்டிக்கொண்டார். செலவழிந்த சொத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை.

மழலைப் பருவத்தில் நாள்தோறும் பிள்ளையை அணைத்த தந்தையர் பலர், அவன் தோளுக்கு மேல் வளர்ந்ததும் எட்ட நின்றே பேசுகின்றனர். தேர்வில் தவறிய மகனையும், புகுந்த வீட்டில் மனம் நொந்து திரும்பிய மகளையும் வாயிற்படியில் முதலில் எதிர்கொள்வது கேள்வியே. கேட்க வேண்டியவை இருக்கலாம்; அவற்றை உணவுக்குப் பின் கேட்கலாம், மறுநாளும் கேட்கலாம். தலைகுனிந்து நிற்கும் பிள்ளையைக் கண்டால், கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு அருகே செல்வோமாக.