பந்தலா? விளம்பரப் பலகையா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. வரும் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் ஹாலில், விரைவில் வெளிவர இருக்கும் ஒரு தமிழ்ப் படத்தின் கோட்டை செட்டைப் போல முகப்பு அமைக்கலாம் என்பது யோசனை. பிளைவுட், துணி, தெர்மாகோல், விளக்கு எல்லாச் செலவையும் படத்தை இங்கே திரையிடுபவர்களே ஏற்றுக்கொள்வார்கள். பதிலுக்கு வாசலில் படத்தின் பெயர், உள்ளே கதாநாயகனின் ஆளுயர அட்டை உருவம், அவ்வளவுதான். கேட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. நான் ஒருவன்தான் கையைத் தூக்கி, "ஹால் கதவின் அகலம் எவ்வளவு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ரிடையர் ஆகியும் சாருக்கு ரயில்வே போகவில்லை" என்றார் ஒரு நண்பர். சிரிப்பு அடங்கியதும் நம் ஆசிரியர், "சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுங்கள், போடுகிறேன்" என்றார். அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேடிக்கைக்கு விரோதி அல்ல. வேடிக்கையில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் என் தகப்பனார் கொலுப்படிக்குக் கீழே ஒரு 'பார்க்' போடுவார். பத்து நாள் முன்பே கேழ்வரகு தெளித்து முளைக்க விட்டால் அது புல்வெளி. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி தெப்பக்குளம். தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில், அட்டையில் ஸ்டேஷன், செட்டியார் பொம்மைதான் ஸ்டேஷன் மாஸ்டர். டிப்ளமோ படித்து 1980இல் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, கரக்பூரிலும் கல்கத்தாவிலுமாக 37 வருடம் பிளாட்பாரமும் நடைமேம்பாலமும் கட்டியதற்கு அந்தத் தீப்பெட்டி ரயில்தான் பிள்ளையார் சுழி என்று என் மனைவி சொல்வாள். (நகரத்தின் பெயர் 2001இல் கொல்கத்தா ஆகிவிட்டது. என் வாய்க்கு இன்னும் கல்கத்தாதான் வருகிறது. மன்னிக்கவும்.)

சினிமாவும் கேளிக்கைப் பூங்காவும் கைகோத்து நடப்பது புதிதல்ல. அமெரிக்காவில் யூனிவர்சல் கம்பெனி 1915லேயே 25 சென்ட் வாங்கிக்கொண்டு ஜனங்களைப் படப்பிடிப்பு பார்க்க உட்கார வைத்தது. வால்ட் டிஸ்னி இன்னும் கெட்டிக்காரர். 1955 ஜூலையில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது நடுநாயகமாக ஒரு கோட்டை நின்றது. 'ஸ்லீப்பிங் பியூட்டி' கோட்டை என்று பெயர். அந்தப் பெயரில் படம் வந்ததோ 1959இல்! நான்கு வருடம் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, வராத படத்தின் விளம்பரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. 1995இல் வந்த 'வாட்டர்வேர்ல்ட்' படம் கொட்டிய செலவுக்கு ஏற்றபடி அமெரிக்காவில் ஓடவில்லை. அதே வருடம் ஹாலிவுட் யூனிவர்சலில் அந்தப் படத்தை வைத்துத் தொடங்கிய சண்டைக் காட்சியோ ஓடோ ஓடென்று ஓடியது. 2010இல் சிங்கப்பூரில் திறந்த பூங்காவுக்கும் அது போயிற்று. நம் சங்கத்துக் குடும்பங்கள் சில அங்கே நனைந்து வந்திருக்கின்றன. படத்தைப் பார்த்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை!

நம் பக்கம் மட்டும் என்ன? தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர், 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன். ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில் 'பாகுபலி' செட்டுகளையே சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த மகிழ்மதியை வடிவமைத்த சாபு சிரில் நம் வால்பாறையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த மகிழ்மதி 2017இல் கல்கத்தாவுக்கே வந்தது. லேக் டவுன் ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப்பின் துர்கா பூஜைப் பந்தலாக. இங்கே எல்லோரும் பந்தலை 'பேண்டல்' என்றுதான் சொல்கிறார்கள். வார்த்தை நம்முடையது, பிரம்மாண்டம் அவர்களுடையது. படத்தின் இரண்டாம் பாகம் ஏப்ரலிலேயே வெளியாகிவிட்டது. பூஜையோ செப்டம்பர் கடைசியில். ஆகவே பந்தல் படத்துக்கு விளம்பரம் செய்தது என்பதைவிட, படம் பந்தலுக்கு விளம்பரம் செய்தது என்பதே பொருத்தம். அடுத்த வருடம் 'பத்மாவத்' கோட்டை. பிறகு 2021இல் துபாய் புர்ஜ் கலீஃபா. 2023இல் டிஸ்னிலாண்டே வந்துவிட்டது. புர்ஜ் கலீஃபாவின் லேசர் விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று விமானிகள் புகார் செய்து அது நிறுத்தப்பட்டதும், கூட்டம் தாங்காமல் அஷ்டமி இரவில் பொதுமக்களைத் தடுக்க வேண்டி வந்ததும் பத்திரிகைகளில் எல்லோரும் படித்ததுதான்.

2017 நான் ஓய்வு பெற்ற வருடம். பெங்களூரிலிருந்து மகளும் ஆறு வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். பேரன் வந்த நாளிலிருந்து, "தாத்தா, பாகுபலி வீடு" என்று ஒரே ஜபம். நவமி இரவு கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று நமக்கு ஆயுத பூஜை. செப்டம்பர் 29. என் பழைய டேப்புக்கும் ஸ்பிரிட் லெவலுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு டெலிவிஷனைப் போட்டால், பம்பாய் எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைமேம்பாலப் படிக்கட்டில் நெரிசல். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள், இறங்க வந்தவர்கள், ஏற வந்தவர்கள். மொத்தம் 23 உயிர்கள் போயின. தீ இல்லை, வெள்ளம் இல்லை, பாலமும் இடியவில்லை. அகலம் போதவில்லை, அவ்வளவுதான். நடைமேம்பாலம் கட்டியே வயதைக் கழித்தவனுக்கு அந்தக் காட்சி எப்படியிருக்கும் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை. அன்று சாயந்திரம் சுண்டல் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு போகவில்லை. பேரன் அழுதுகொண்டே தூங்கினான். மறுநாள் தசமி விடியற்காலை நாலரை மணிக்கு அவனை எழுப்பி டாக்சியில் அழைத்துப் போனேன். உள்ளபடி சொல்கிறேன், அசந்துவிட்டேன். மூங்கிலும் கயிறும் துணியும் பிளைவுட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊர் ஆட்கள் செய்வதை எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் சொல்லித்தர முடியாது. யார் கட்டியது என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டேன். "பாகுபலி!" என்றார்கள். மூங்கில் கட்டியவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பேரனிடம், "அம்மன் எப்படிடா இருந்தா?" என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்து, "அங்கே அம்மன் இருந்தாளா பாட்டி?" என்றான். எல்லோரும் சிரித்தோம். குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் மண்டபத்தின் தூண்கள்தான் நினைவில் நின்றன.

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பாதிப் பேர் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டுக்கு நடக்கிற தூரத்தில் தேசப்பிரிய பார்க். 2015இல் அங்கே 88 அடி துர்கை எழுந்தாள். குமார்டுலி சிற்பி மிண்டு பாலின் கைவேலை. ஒரு சிமெண்ட் கம்பெனியின் விளம்பரத்தோடு ஊரெங்கும் பெரிய பலகைகள். உலகிலேயே பெரியது என்று பறைசாற்றினார்கள். விளம்பரம் பலித்தது, அதுதான் வினை. அக்டோபர் 18, பஞ்சமி, ஞாயிற்றுக்கிழமை. கட்டுக்கடங்காத கூட்டம் வந்து நெரிசலாகி, அன்று இரவே போலீசார் பந்தலை மூட வேண்டியதாயிற்று. சிலைக்கு ஒரு கீறலும் இல்லை.

டிக்கெட் பூங்காவுக்கும் பந்தலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். டிக்கெட் என்பது பணம் மட்டுமல்ல, எண்ணிக்கை. எத்தனை பேர் உள்ளே என்று வாசலில் இருப்பவனுக்குத் தெரியும். நிறைந்தால் கேட்டைச் சாத்துவான். பந்தலில் யாரும் காசு கேட்பதில்லை. ராஜாவும் ரிக்‌ஷாக்காரரும் ஒரே வரிசையில் நிற்பது இந்த ஊரின் பெருமை, 2021இல் யுனெஸ்கோ இந்தப் பூஜையை உலகக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நானும் இனிப்பு வாங்கினேன். ஆனால் இலவசமான இடத்தில் யாரும் தலையை எண்ணுவதில்லை. விளம்பரக்காரருக்கோ தலை எத்தனை என்பதுதான் லாபம். கூட்டத்தைக் கூட்டுபவர் ஒருவர், அதைத் தாங்குவது மற்றொருவர்.

நம் ஹாலை நான் அளந்துவிட்டேன். (காவலாளி என்னை விநோதமாகப் பார்த்தார்.) கதவு மூன்றரை அடி, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பின்கதவு இருக்கிறது. ஆனால் நாற்காலிகளை அடுக்கி மறைத்திருக்கிறோம். ஒரு மீட்டர் அகலத்தில், ஒருவரும் எதிரே வராமல், தள்ளாமல் போனால் நிமிடத்துக்கு எண்பது பேர் வெளியேறலாம். 600 பேர் உள்ளே இருந்தால் ஏழரை நிமிடம். செருப்பைத் தேடும் நேரத்தை நான் சேர்க்கவில்லை. ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் வரை மனிதன் தன் காலால் நடக்கிறான். ஆறு, ஏழு என்று ஆனால் அவன் நடப்பதில்லை, கூட்டம் அவனைக் கொண்டுபோகிறது. துணியும் தெர்மாகோலும் சூழ்ந்த இடத்தில், பட்டுப்புடவையும் குத்துவிளக்குமாக, ஏழரை நிமிடம்! என் சர்வீஸில் இப்படி ஒரு வரைபடம் கொடுத்திருந்தால் மேலதிகாரி அதை என் முகத்திலேயே திருப்பி எறிந்திருப்பார்.

யோசனை சொன்ன நண்பரின் வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "சார், போன வருடம் கொலுவுக்கு வந்தவர்கள் நாற்பது பேர். அதில் இருபத்தைந்து பேர் நம் வயசு. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இருக்கிற குழந்தைகள் பெங்காலியில் சண்டை போடுகின்றன. ஒரு நாயகன் படத்தைப் பார்த்தாவது தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டட்டுமே" என்றார். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஒரு காலத்தில் ஹாலில் இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டோம். இப்போது சுண்டல் மிஞ்சுகிறது.

ஆனால் அந்தக் கூட்டம் கொலுவுக்கு வந்த கூட்டமாக இருக்குமா? கோட்டைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகும். படம் தியேட்டரை விட்டுப் போனதும் அதுவும் போகும். அடுத்த வருடம் இன்னும் பெரிய கோட்டை தேவைப்படும். வாசலில் ஒரு சின்னப் பலகையில் உபயம் என்று பெயர் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோயில் குழல் விளக்கில்கூட உபயதாரர் பெயர் எழுதி, வெளிச்சத்தைக் குறைக்கிற மரபுதானே நம்முடையது! மரப்பாச்சிக்குப் பக்கத்தில் ஆளுயர நாயகன் நிற்பதுதான் வேண்டாம் என்கிறேன். கொலுவில் எல்லாப் பொம்மையும் படிக்கு அடங்கிய உயரம்.

என் மாற்று யோசனை இது. நம் குழந்தைகளையே வைத்துக் கொலுவுக்குக் கீழே ஒரு 'பார்க்' போடுவோம். ஐஸ்கிரீம் குச்சியில் ஹௌரா பாலம். 1943இல் திறந்த அந்தப் பாலத்தை நட்டு போல்ட் இல்லாமல் ரிவெட் அடித்தே சேர்த்தார்கள், 26,500 டன் எஃகு. குச்சியை எப்படிச் சேர்ப்பது என்று நான் சொல்லித் தருகிறேன். டிராம், மெட்ரோ, லேக் மார்க்கெட் வாழை இலைக்காரர், எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டட்டும். செய்த பிள்ளையின் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். தான் செய்ததைக் காட்ட ஒவ்வொரு குழந்தையும் நாலு பேரையாவது இழுத்து வரும். அந்தக் கூட்டத்துக்கு நம் கதவு போதும். பின்கதவு நாற்காலிகளை மட்டும் எப்படியும் எடுத்தே ஆக வேண்டும். அதில் சமரசம் இல்லை.

அடுத்த செயற்குழு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. டேப்போடு வருகிறேன். அதுவரை உங்கள் வீட்டுக் காலித் தீப்பெட்டிகளை எறியாமல் வைத்திருங்கள்.