‘டெசிமல்’னு போட்டா போதுமா? பணக் கணக்கில் ஏமாற்றும் ஒரு பெயர்

0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.3. சின்னப் பசங்க கணக்கு. ஆனால் டேட்டாபேஸில் ‘டபுள்’ வகையில் சேமித்துக் கூட்டினால் 0.30000000000000004 வரும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவது மாதிரி, பத்தில் ஒரு பங்கை அதனால் முழுசாக எழுத முடியாது.

வெப்பநிலைக்கு இந்தத் தோராயம் போதும். பணத்துக்குப் போதாது. அதற்காகவே மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் ‘டெசிமல்’ என்ற துல்லிய வகை இருக்கிறது.

சரி, டெசிமல் போட்டாச்சு, பிரச்சினை முடிஞ்சுதா? ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஆப்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட்டில் முடியாது. ‘டெசிமல்(10,2)’ என்று எழுதினால் பிழை எதுவும் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும். உள்ளே 249.10 ரூபாய் தோராய எண்ணாகத்தான் உட்காரும்.

இதை யாரும் மறைக்கவில்லை, எஸ்க்யூலைட் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனா பெயரே துல்லியம்னு சொல்லும்போது கையேட்டை யார் திறப்பாங்க? டெவலப்பர் படிக்கவில்லை என்று மட்டும் பழி போடுவது நியாயமில்லை. செய்ய முடியாததைக் கேட்டால் மென்பொருள் ‘முடியாது’ என்று சொல்லணும்.

2021-ல் வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ டேபிள்கள் அப்படித்தான் சொல்கின்றன. டெசிமல் என்றாலே பிழை காட்டும். ஆனால் டேபிளை உருவாக்கும்போது ‘ஸ்ட்ரிக்ட்’ என்று நாமே எழுதினால்தான் அது வேலை செய்யும். அதுவரை எஸ்க்யூலைட்டில் பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைப்பதே பாதுகாப்பு: 249.10 அல்ல, 24910.