எம்டன்: சொல் இருக்கிறது, சரித்திரம் எங்கே?

கெட்டிக்காரனையும் கண்டிப்பான அப்பாவையும் "சரியான எம்டன்" என்று சொல்வது நம் வழக்கம். கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் எங்கள் சோமனூர்த் தறிப்பட்டறைகளில்கூட இந்தச் சொல் புழங்குகிறது. 2006-ல் 'எம்டன் மகன்' என்று படமே எடுத்தார்கள். தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்பதால் அது 'எம் மகன்' ஆயிற்று. ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் நூறு வருடங்களைத் தாண்டியும் நம் வாயில் நிற்கிறது. ஆனால் அதைப் பற்றி நாம் சொல்லிக்கொள்வதில் பாதி கதைதான்.

நடந்தது இது. 1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். ஊரில் பலர் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது.

அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று இன்றும் மேடையில் பேசுகிறார்கள். எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. பிள்ளையோ அந்த நாட்களில் ஐரோப்பாவில், ஜூரிச்சில் இருந்தார். பிறகு பெர்லின் போனார். நடுக்கடலில் எப்படி ஏறியிருப்பார்? அவருடைய தியாகத்துக்கு இந்தக் கதையின் முட்டு தேவையில்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான். ஆதாரம் இணைக்காத குறிப்பை மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். சரித்திரத்துக்கு மட்டும் ஏன் அந்த விதி கிடையாது?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்டனின் இன்னொரு முகமும் உண்டு. 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கில் ரஷ்யாவின் ஜெம்சுக், பிரான்ஸின் மூஸ்கே என்ற இரண்டு போர்க்கப்பல்களை அது மூழ்கடித்தது. ஆனால் தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரைத் தூக்கிக் காப்பாற்றியதும் அதே எம்டன்தான். எதிரியின் இந்தக் கண்ணியமும் பதிவில் இருக்கிறது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனைச் சிதைத்தது. முல்லர் அதைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1950-களில் ஒரு ஜப்பானிய நிறுவனம் அதை இரும்புக்காக உடைத்து எடுத்தது. எஞ்சிய துண்டுகளை இன்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டுக் காக்கிறது. அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதித்தது.

வென்றவனும் தோற்றவனும் பதிவு வைத்திருக்கிறார்கள். குண்டு விழுந்த ஊர்க்காரர்களான நம்மிடம் ஒரு கல்வெட்டும் ஒரு வசைச்சொல்லும்தான். அன்று சென்னையில் செத்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் பழைய கோப்புகளையும் அந்நாளைய பத்திரிகைகளையும் வைத்து, அந்த இரவைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக யாராவது தொகுக்க வேண்டும். கப்பல் இரும்புக்குப் போய்விட்டது; காகிதமாவது கரையானுக்குப் போகாமல் இருக்கட்டும்.